நாங்கள் மட்டும்

“அப்போ என் பொண்ணு ஏமாத்துக்காரின்னு சொல்றீங்க—”

“நான் அப்படிச் சொல்லலம்மா, எண்ணிப் பார்த்தா—”

“எண்ணத் தெரியாம எண்ணிட்டு—”

“என்னைக் கொஞ்சம் பேச விட்டீங்கன்னா—”

“முப்பத்திரண்டு பிள்ளைங்க முன்னாடி பேசியாச்சே! இன்னும் என்ன மிச்சம்?”

டீச்சர் வாயை மூடிக்கொண்டார். தையல்காரிக்கு அது பிடிக்கவில்லை. எதிராளி பேசினால்தான் அவளுக்கு வேகம் வரும். பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்காமல் ஓடி வந்திருந்தாள். பள்ளி விட்டு அரைமணி ஆகிவிட்டது. காலி வகுப்பறையின் கடைசி பெஞ்சில் மகள் பையை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. நடை பழகும்போது பக்கவாட்டிலேயே நகர்ந்ததால் வீட்டில் அவள் பெயர் நண்டு.

“அம்மா, மெதுவா பேசும்மா.”

“நீ சும்மா இருடி. உனக்காகத்தான் தொண்டை கிழியுது.”

டீச்சர் சுவரைக் காட்டினார். நான்கு சார்ட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஆண்டுக் கடைசியில் வகுப்புக்கு ஒரு கொண்டாட்டம். என்ன விளையாடலாம், என்ன சாப்பிடலாம், எந்தப் பாட்டுப் போடலாம், யார் யார் வரலாம் என்று பிள்ளைகளையே கேட்டிருந்தார். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஒரு கேள்விக்கு ஒரு சார்ட். பிள்ளைக்கு ஒன்றாகப் பச்சைக் காகிதச் சதுரம் கொடுப்பார். பிடித்த பதிலுக்கு மேல் ஒட்ட வேண்டும். சதுரங்கள் மாடி மாடியாக ஏறி நிற்கும். எது உயரமோ அதுதான் நடக்கும்.

“முதல் மூணுலயும் முப்பத்திரண்டு சரியா இருக்கு. நாலாவதுல முப்பத்தஞ்சு. ‘அப்பா அம்மாவோடு’ பதினேழு, ‘நாங்கள் மட்டும்’ பதினெட்டு. மூணு சதுரம் தானா முளைக்குமா? சாப்பாட்டு நேரத்துல கோந்தும் கையுமா இங்க நின்னது இவ ஒருத்திதான்.”

“கோந்து வச்சிருந்தா குத்தமா? நான் நாள் முழுக்கக் கத்தரிக்கோல் வச்சிருக்கேன். எவன் பாக்கெட்டை வெட்டினேன்?”

“கேட்டா ஆமான்னும் சொல்ல மாட்டேங்குறா, இல்லேன்னும் சொல்ல மாட்டேங்குறா. அதனாலதான் கொண்டாட்டத்துக்கு அவ வர வேண்டாம்னு சொன்னேன்.”

சொல்வாராம். தையல்காரிக்கு இந்த டீச்சர் மேல் போன வருஷத்திலிருந்தே ஒரு கண். அந்த வருஷக் கொண்டாட்டத்தில், நாற்காலி விளையாட்டில், நண்டு நாற்காலியைத் தாண்டும் நேரம் பார்த்துத்தான் இவர் பாட்டை நிறுத்தினார். தையல்காரி விட்டாளா? மேடையேறி, மைக்கைப் பிடுங்கி, நியாயம் கேட்டு, மகளுக்கு ஒரு பென்சில் டப்பாவைப் பரிசாக வாங்கிக் கொடுத்த பிறகுதான் இறங்கினாள். அந்த டப்பா சுற்றிய காகிதம் பிரியாமல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறாள் பிள்ளை என்று நினைத்திருந்தாள்.

கேட்காமல் இருந்தால் உலகம் தலையில் மிளகாய் அரைக்கும். முந்தாநாள்கூட சாணை பிடிப்பவனை நடுத்தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்டாள்: “சாணை பிடிச்சியா, தடவிக் கொடுத்தியா? துணியைக் கடிச்சுத் துப்புது!” அவன் கத்தரிக்கோலை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல யாரோ காகிதம் வெட்டியிருக்காங்க” என்றான். “எங்க வீட்ல எவளுக்குடா அந்தத் தைரியம்?” என்று அவனை விரட்டிவிட்டாள்.

“தள்ளுங்க, நான் பாக்குறேன். உங்க கையாலதானே வெட்டினீங்க? கணக்கில்லாம வெட்டியிருப்பீங்க.”

“ஆபீஸ் கட்டிங் மெஷின்ல வெட்டினது. எண்ணித்தான் கொடுத்தேன்.”

தையல்காரி சார்ட்டுக்கு முகத்தைக் கொடுத்து நின்றாள். மற்றவர்களுக்குச் சதுரம் தெரியும்; அவளுக்கு ஓரம் தெரியும். கீழிருந்து பதினைந்து சதுரங்களுக்கும் பிளேடு போட்ட மாதிரி ஓரம். மெஷின் வெட்டுத்தான். மேலே இருந்த மூன்றும் அதே பச்சை, அதே அளவு. ஆனால் கை வெட்டு. சுத்தமான கைதான், அளவு பிசகவில்லை. எத்தனை தாளை வெட்டிப் பழகிய கையோ.

‘பிடிச்சுட்டேன்’ என்று திரும்பப் போனவள் நின்றாள்.

மூன்று சதுரங்களிலும் ஒரு ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு பல். நகத்தால் வருடினாள். நகம் தட்டியது.

அந்தப் பல்லை அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் கத்தரிக்கோல் கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அன்றிலிருந்து அடி அலகில், நுனிக்கு இரண்டு விரல் உள்ளே, ஒரு சின்னப் பொக்கை. அவள் வெட்டும் துணியில் எல்லாம் அந்த இடத்தில் ஒரு நூல் எழும்பும். மடித்துத் தைத்து மறைத்துவிடுவாள். ஊரில் ஒருத்திக்கும் தெரியாது.

சதுரத்தின் மேலேயே விரல் நின்றது. அதற்குக் கீழே, சார்ட்டின் அடியில், குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தாள். நாங்கள் மட்டும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நண்டு அவள் கண்ணைப் பார்க்கவில்லை. விரலையும் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த சத்தம் எப்போது கிளம்பும் என்று காத்திருப்பதைப் போல.

அந்த அறையில் அவள் வந்ததிலிருந்து முதல் முறையாக மின்விசிறியின் கிறீச்சு கேட்டது. தையல்காரி நாடாவைக் கழுத்திலிருந்து இழுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

டீச்சருக்குத்தான் மனம் இளகியது. இவ்வளவு பேசியவள் இப்படி ஊமையாக நிற்பதைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்து அருகில் வந்தார்.

“சரிம்மா, விடுங்க. நானும் அவசரப்பட்டிருக்கலாம். நாளைக்கு எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும், தப்பு என் மேலதான்னு சொல்லி இவளைச் சேத்துக்கிறேன். பெத்தவங்க நீங்க, உங்க வார்த்தை எனக்குப் போதும். இது உங்க பொண்ணு வெட்டினது இல்லதானே?”