பச்சை பெஞ்சு

கடிகாரத்தில் இரண்டு மணி ஆனதும் அக்கா எழுந்து, தம்பியின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கைகொடுத்து, அவனை இடப்பக்கமாகப் புரட்டப் போனாள். சித்தி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இனிமே எதுக்கும்மா? புண்ணெல்லாம் வராது. விடு."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். கம்பத்தில் வயர் மாற்ற ஏறிய தம்பி விழுந்து, கழுத்துக்குக் கீழே கைகள் மட்டும் கொஞ்சம் அசைகிற நிலையில் படுத்து ஆறு வருஷம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? நெஞ்சில் சளி கட்டி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்து, காலையில் போய்விட்டான். வீட்டில் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள்; சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வண்டி மூன்று மணிக்கு வரும்.

மறுவாழ்வு மையத்துப் பயிற்சியாளர் மடியில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மையத்தில் உனக்கு என்ன முடியாது என்று கேட்க மாட்டார்கள்; என்ன வேண்டும் என்றுதான் கேட்பார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து நடந்ததா என்று பார்ப்பார்கள். போன தடவை அவள் கேட்டபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். பிறகு தம்பி சொன்னதுதான் தெரியும்.

"தினமும் ஒரு மணி நேரம் நான் தனியா இருந்து பழகப் போறேங்க்கா. நீ எங்கயாவது போயிட்டு வா."

முழங்கையால் அழுத்தினால் பக்கத்து வீட்டில் அடிக்கிற மணிகூட வைத்துக் கொடுத்தார்கள். அக்கா சரி என்றாள். மனசு கேட்டால்தானே? முன்கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகத் திருடி மாதிரி அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்துவிடுவாள். இருமல் வந்தால் முந்தானை. உள்ளே அவன் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவது கேட்கும். அறுபது வந்ததும் மறுபடி ஒன்று. ஏதோ மூச்சுப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்கக்கா போன?"

"பார்க்குக்குடா. பச்சை பெஞ்சு ஒண்ணு இருக்கு. ஒரு தொப்பிக்காரர் தினமும் அங்க உக்காந்து பொண்டாட்டிகிட்ட போன்ல சண்டை போடறார்."

முதல் நாள் வாய் கூசியது. அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் மறுநாளுக்கும் ஒன்று தயாராகிவிட்டது.

"இன்னிக்குத் தொப்பிக்காரர் ஜெயிச்சாராக்கா?"

"அவராவது ஜெயிக்கிறதாவது."

இப்போது பயிற்சியாளர் ஃபைலை நீட்டினாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. அவர் கேட்டது நடந்துச்சு. அந்த நிம்மதியோட போனார்."

அக்கா பிரித்துப் படித்தாள். 'என்ன வேண்டும்?' என்பதற்குக் கீழே தம்பி சொன்னது அப்படியே இருந்தது.

'அக்கா தினமும் ஒரு மணி நேரம் வெளிய போயிட்டு வரணும். எனக்காகப் போன்னு சொன்னா போகமாட்டா. தனியா இருக்க ஆசைன்னு சொல்லிக்கறேன். தனியா இருக்க பயம்தான். எண்ணிக்கிட்டே இருந்தா நேரம் போயிடும்.'

எதிரே, நடந்தது என்று எழுதியிருந்தது.

அக்கா அடுப்படிச் சுவரைப் பார்த்தாள். ஒரு சுவர்தானே இடையில் இருந்தது. பயந்து பயந்து எண்ணியவனை, அத்தனை நாளும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள் பாவி. ஒரு நாளும் வெளியே போகவில்லை என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட வாயெடுத்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஃபைலை மூடினாள்.

"வண்டி வர எவ்வளவு நேரம் இருக்கு சித்தி?"

"ஒரு மணி நேரம் ஆகும். ஏன்?"

அக்கா மணியை நகர்த்தித் தம்பியின் முழங்கையோரம் வைத்தாள்.

"போயிட்டு வந்துடறேண்டா."

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கினாள். சித்தி கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

பூங்காவில் பச்சை பெஞ்சு இல்லை. விரிசல் விட்ட சிமெண்டுப் பலகை ஒன்று இருந்தது. ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து தொங்கியது. தொப்பி போட்டவர் யாரும் இல்லை. எதையும் விட்டுவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அந்தப் பலகையில் உட்கார்ந்து, வாய்விட்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.