ராஜா கை ஓங்கும் காட்சி

பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக் கட்டைக்குரல். அதனாலேயே ஆண்டுவிழா நாடகத்தில் அவருக்கு ராஜா வேஷம் கிடைத்தது. பழைய சோக நாடகம். "பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் ஆண்பிள்ளையா?" என்று தம்பிகள் ஏளனம் செய்ய, ஒரு தப்பும் செய்யாத ராணியைக் கொன்றுவிட்டு ராஜா கதறுவான்.

"அழுகை நல்லா வருது. கை ஓங்குறதுதான் சரியில்ல. வீட்டுல பழகிட்டு வாங்க" என்றார், நாடகத்தை நடத்திய ஸ்டோர் கீப்பர்.

ஞாயிறு காலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் வசனத்தாளை நீட்டினார். "நீதான் ராணி. சும்மா வாசிச்சா போதும்."

அவள் சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். "நான் என்ன பிழை செய்தேன், மன்னா?" என்று பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தாள். அவர் கை ஓங்கினார். தாள் தரையில் விழுந்தது. முகத்தை இரு கைகளாலும் மறைத்தபடி அவள் சுவரோடு சுவராக ஒட்டிப்போயிருந்தாள்.

"ஏய், நடிப்புடி இது!"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"தெரியலைங்க. உடம்பு தானா ஒதுங்கிடுச்சு."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். அடித்தது கல்யாணமான புதிதில் ஒரு தடவை, தன் அண்ணன் முன்னால் அவள் எதிர்த்துப் பேசியபோது ஒரு தடவை. பதினோரு வருஷத்தில் அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஓங்கியதோடு சரி. அதுவும் ஒரு அடியா?

"சரி, நீ ராஜாவா இரு" என்று சமாளித்தார்.

ராஜாவின் வசனத்தை அவள் தடங்கலில்லாமல் படித்தாள். கை மட்டும் இடுப்புக்கு மேல் எழவில்லை.

"ஓங்கு, பரவாயில்ல."

"வரலைங்க. உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

யோசித்தார். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அண்ணன் சிரிச்சாரு..."

"சிரிச்சது அவரு. அடி வாங்குனது நான்."

அவள் மறுபடி துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். தனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் ஒத்திகையில் ஸ்டோர் கீப்பரிடம் சொன்னார்: "இத்தனை நாளா ராஜா பாவம்னே நெனச்சேன் சார். செத்தது ராணி. ஊரு சிரிக்குமேன்னு பயந்தவன் வீட்டுல கை ஓங்குறான். அதுக்குப் பேரு ஆம்பளத்தனம் இல்ல, பயம்."

"வசனம் பிரமாதமா இருக்கே! நாடகத்துல சேர்த்துக்கலாமா?"

"முதல்ல வீட்டுல சொல்லணும் சார். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."