வலிக்காத இடம்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதுவும் தன்னுடையதைச் சொல்லிக்கொள்ளத்தான். வெல்டருக்கு நோயைவிட இந்தப் பீற்றல்தான் பொறுக்கவில்லை. பீற்றுகிறவன் கூடப் பிறந்தவனாக இருந்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"ஏழுண்ணே," என்றான் தையல்காரத் தம்பி, ஆஸ்பத்திரி பெஞ்சில் சீட்டை விசிறிக்கொண்டே. "மூணு மாசச் சர்க்கரை. உனக்கு?"

"பதினொண்ணு. போதுமா?"

எட்டுக்குக் கீழே இறங்கினால்தான் கண் ஆபரேஷன் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதோ மூன்றாவது முறை. தம்பிக்கு இரண்டு கண்ணும் முடிந்து, ஊசியில் நூல் கோக்கிறான். இவருக்கோ எதிரே வருவது பஸ்ஸா லாரியா என்பது முட்டுகிற தூரத்தில்தான் தெரிகிறது.

இருவருக்கும் ஒரே டாக்டர், ஒரே இன்சுலின். இவர் இனிப்பைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. அவன் டீயில் அரை ஸ்பூன் போட்டுக் குடிக்கிறான். டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டைத் தைப்பவன் அவன்தானே. நல்ல மருந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவா வேண்டும்?

நர்ஸிடம் நேராகவே கேட்டார். "அவனுக்குக் குடுக்குற மருந்தையே எனக்கும் குடும்மா."

"சட்டையத் தூக்குங்கய்யா. ஊசி எங்க போடுறீங்க?"

தொப்புளுக்கு வலப்பக்கம் காட்டினார். எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு மேடு.

"தினமும் இங்கயேவா?"

"ஆறு வருஷமா. இங்கதான் வலிக்கிறதில்ல."

"மருந்து இந்தக் கட்டியிலயே தங்கிடுது. ரத்தத்துக்கு ஒழுங்காப் போகல. இனிமே இங்க போடாதீங்க, இடத்த மாத்திக்கிட்டே இருங்க."

"நான் வயித்துல கட்டம் போட்டு வச்சிருக்கேண்ணே," என்றான் தம்பி. "நாளுக்கு ஒரு கட்டம்."

"உன் வயித்துக்கு நீ சட்டையே தைப்பேடா."

டாக்டரம்மா வந்து மேட்டைத் தடவிப் பார்த்தார். சீட்டில் இன்சுலின் அளவு இருபத்துநாலை அடித்து இருபது என்று எழுதினார். "புது இடத்துல மருந்து நல்லா ஏறும். அளவக் குறைக்கலன்னா சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வரும். தினமும் சோதிச்சுப் பாருங்க."

"அவனுக்கு எவ்வளவு?"

"இருபத்திரண்டு."

வெல்டர் சீட்டைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தார். கையைப் பிடிக்க வந்த தம்பியை உதறிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். நாளைக்கு இடப்பக்கம் குத்துவார்தான், கண் வேண்டுமே. ஆனால் தன் மருந்தைக் குறைக்கச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?