நிதியில் சேராத எட்டு மணி நேரம்

முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு அரசு தரும் நிதி நாளுக்கு இருபது மணி நேரத்துக்கு மட்டும்தான் என்று உத்தரவு வந்த மறுநாள், பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கிருந்த முப்பத்தொரு பேரும் படுத்தபடியே காணாமல் போனார்கள். ஆறு மணிக்குத் திரும்பி வந்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் தலையணைகளில் பள்ளமும் போர்வைகளில் சூடும் அப்படியே இருந்தன. மேலாளர் முதல் நாள் பதறினார். மூன்றாம் நாள், ஆளில்லாத நேரத்தில் தரையைத் துடைத்துவிடச் சொன்னார். மாதச் சம்பளக்காரர்களுக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும்.

அங்கே வேலை பார்த்த நர்ஸின் அம்மா பதினோராம் கட்டிலில் இருந்தாள். அந்த முதல் நாள் நர்ஸுக்கு மாலைப் பணி. ஆறு மணிக்கு ஓடிவந்து, "எங்கம்மா போயிட்ட?" என்றாள்.

"நான் எங்கடி போனேன்? இங்கயேதான் கெடந்தேன். உங்களைத்தான் ஒருத்தரையும் காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு." அம்மாவின் உதடுகள் வெடித்திருந்தன.

மாத அறிக்கை எழுதுவது நர்ஸின் பொறுப்பு. இரண்டு முதல் ஆறு வரை வந்த புகார்கள் என்ற கட்டத்தில், கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதிப் பழகிய கை 'இல்லை' என்று எழுதியது. துறையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. தேவை குறைந்துவிட்டதால் இனி நிதி பதினாறு மணி நேரத்துக்குத்தான் என்று அதன் கடைசி வரி சொன்னது. அம்மா இப்போது இரவு பத்து மணிக்குத்தான் திரும்பினாள். நர்ஸ் அடுத்த மாதம் பக்கம் பக்கமாகப் புகார் எழுதி அனுப்பினாள். ஆளே இல்லாத நேரத்தில் யார் சொன்ன புகார் என்று கேட்டு அறிக்கை திரும்பி வந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகவும் வழியில்லை. அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு பேர் வேண்டும், வீட்டில் இருந்ததோ அவள் ஒருத்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை சம்பளமில்லாத அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, குடம் நிறையத் தண்ணீரோடு பதினோராம் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மணி இரண்டு அடித்தது. தரை துடைப்பவள் மறைந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு வண்டி இல்லை, ஒரு மனிதர் இல்லை. முப்பத்தொரு தலைகள் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

"வந்துட்டியா," என்றாள் அம்மா. "எனக்கு அப்புறம் குடு. அந்தக் கடைசிக் கட்டில்காரருக்குக் குடு முதல்ல. அவரு கூப்பிடறதையே விட்டுட்டாரு."

அதன்பிறகு நர்ஸ் காலைப் பணியை மட்டும் வாங்கிக்கொண்டாள். தினமும் இரண்டு மணிக்கு அவளும் காணாமல் போகிறாள். தரை துடைப்பவள் அந்த நாற்காலியை நகர்த்தாமல் சுற்றித் துடைத்துவிட்டு, குடத்தை நிரப்பி வைக்கிறாள். பத்து மணிக்குள் குடம் காலியாகிவிடும். அறிக்கையில் 'புகார் இல்லை' என்றே எழுதப்படுகிறது. இப்போது அது உண்மையும்கூட.