முதல் வரிசை

"முதல் வரிசையில மனுசன் உட்கார்ந்தா நான் மேடை ஏற மாட்டேன், வாத்தியாரே!"

"சியோக் லுவான் அக்கா, இது கோயில் வாசல் கூத்து இல்ல—"

"செத்தவங்க திரும்பி வர்ற ஏழாம் மாசத்துல எந்த மேடையானா என்ன, முதல் வரிசை அவங்களுக்கு—"

"—அரங்கம்! நாற்காலிக்கு நம்பர் போட்ட அரங்கம்!"

"ஏன், செத்தவங்களுக்கு நம்பர் படிக்கத் தெரியாதா?"

ஆற்றின்மேல் அந்திச் செவ்வொளி உருகி வழிய, பழம் பண்டகசாலைக் கூரைகளினின்று புறாக்கள் நிலைகொள்ளாது எழுந்தெழுந்து அமர, இறந்தோர்க்கென வீதியெங்கும் எரித்த தாட்பணத்தின் சாம்பல் கருவண்டுக் கூட்டமெனச் சாளரந்தோறும் புகுந்து திரிய, சிங்கப்பூரின் அச்சிற்றரங்கினுள் நடிகை சியோக் லுவான், நாடகாசிரியர் பூன் லியாங் ஆகிய இருவர் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றேறி மோதிக்கொண்டிருந்தன.

கற்றோரே, பூன் லியாங் எளியவரல்லர். பதினெட்டு அகவையில் சீன மொழியில் முதல் நாடகம் யாத்து, முப்பதில் துறைமுகத்துச் சுமைகூலிகளும் தம் வசனங்களை ஓதித் திரியக் கேட்டு, நாற்பதில் மேடைக்கு இசைவு மறுக்கப்பெற்று, பத்தாண்டுகள் தகரத்தில் அடைத்த மீனுக்கு விளம்பரம் எழுதி வயிறு வளர்த்தவர். இன்றே மீண்டும் திரை உயர்கிறது. இசைவு வழங்கும் அலுவலர் முதல் வரிசை நடுவில் அமர்ந்து காண்பார். அவர் முகம் சுளிப்பின், நாளை இவ்வரங்கு திறவாது. ஏழாம் திங்களில் அரங்கம் எளிதில் வாய்க்கிறதே என மகிழ்ந்தவர், அஃது ஏன் வாய்த்ததென எண்ணிப் பார்க்க மறந்தார்.

"பேய்க்கு நாற்காலி போடுறவங்களைக் கிண்டல் பண்ணித்தான் அக்கா நான் முதல் நாடகமே எழுதினேன். இப்ப நானே போடவா? ஊரே சிரிக்கும்."

"தெரியும். அதுல பேயா நடிச்சது எங்க வீட்டுக்காரர்தானே."

பூன் லியாங் நடு நாற்காலியை நோக்கினார்.

"ஒம்பது வருஷம் மூட்டை தூக்கிக்கிட்டே வசனத்தை முணுமுணுத்தாரு. மறுபடி கூப்பிடுவீங்க, மறந்துடக் கூடாதுன்னு. போன வருஷம் கண்ணை மூடிட்டாரு. இன்னைக்கு வருவாரு. வந்து எங்கே நிப்பாரு, நடைபாதையிலயா?"

கூண்டிலடைத்த புலிபோல் மேடையின் இருமருங்கும் நடந்த பூன் லியாங், மணியைப் பார்த்தார், வாயிலைப் பார்த்தார், மீண்டும் நடந்தார். பின்னர்த் தாமே இறங்கிச்சென்று, நடு நாற்காலியில் கட்டியிருந்த அலுவலரின் பெயரட்டையை அவிழ்த்து, இரண்டாம் வரிசையிற் கட்டினார். சியோக் லுவான் ஒப்பனை அறைக்குள் மறைந்தாள்.

கதவுகள் திறந்தன. அவை நிறைந்தது, படிகளிலும் மாந்தர் நெருங்கி அமர்ந்தனர், முதல் வரிசை மட்டும் நீர் வற்றிய ஆற்றுத்தடம்போற் கிடந்தது. இறுதியாக வந்தார் அலுவலர். அன்னையுடன் தாட்பணம் எரித்துவிட்டு நேரே வந்தவர்போலும். அவர் தோளிலும் சாம்பற்றுகள் ஒட்டியிருந்தது.

"என்னங்க இது? என்னைப் பின்னால தள்ளிட்டு, இந்த வரிசையைக் காலியாப் போட்டிருக்கீங்க?"

பத்தாண்டு அடக்கிய மூச்சொன்று பூன் லியாங்கின் நெஞ்சினின்று மெல்லப் பிரிந்தது.

"காலியா இல்லைங்க. இவங்கள்ல யாரை எழுந்திருக்கச் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க."