சத்தமில்லாமல் கடந்த ஊர்வலம்

உலகக்கிண்ணக் காலிறுதியில் மொரோக்கோ போர்த்துக்கலோடு மோதிய அன்று, தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குலசேகரம் மத்தியானமே ஷட்டரை இழுத்தார். வென்றாலும் தோற்றாலும் இந்த அரபுப் பெடியள் கண்ணாடி உடைப்பார்கள் என்பது அவருடைய தீர்மானம்.

பக்கத்து சலூன் திரீஸ், மொரோக்கோக்காரன், ஓடிவந்தான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது 'அண்ணை' ஒன்றுதான். மிச்சத்தைப் பிரெஞ்சில் கேட்டான்.

“அண்ணை, ஏன் பூட்டுறீங்கள்? மட்ச் பார்க்க வாங்கோ.”

அவன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல முடியவில்லை. “ஊரிலை அம்மா செத்துப்போனா. கொஞ்சம் தனிய இருக்கப்போறன்” என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, சாமானுக்குக் காவலாக உள்ளே குந்திக்கொண்டார்.

மொரோக்கோ வென்றது. தெரு முழுக்க ஹோர்ன், மேளம், பாட்டு. ஊர்வலம் நெருங்க நெருங்க அவர் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். கடை வாசலில் சத்தம் சட்டென்று அடங்கிற்று. காலடிகள் மட்டும் கடந்தன. பத்துக் கடை தள்ளித்தான் மேளம் மறுபடி கேட்டது.

ஷட்டர் இடுக்கால் எட்டிப் பார்த்தார். திரீஸ் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உதட்டில் விரல் வைத்து ஒவ்வொருவராய் அடக்கிக்கொண்டிருந்தான்.

பிறகு கூஸ்கூஸ் சட்டியோடு வந்து ஷட்டரில் தட்டினான். “செத்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது, அண்ணை.”

சட்டியை வாங்கவும் போன் அடித்தது.

“எடுங்கோ. துக்கம் விசாரிக்கிற ஆக்களாய் இருக்கும்.”

புறநகர் லா கூர்னெவ் வீட்டிலிருந்து அம்மா.

“தம்பி, சாப்பிட்டனியோ?”

திரீஸ் தலை குனிந்துகொண்டு நின்றான்.