றாஹிலாவின் கறுத்த படம்

1988ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை, மருதமுனை றாஹிலாவின் வயிற்றுப் பிள்ளை உள்ளங்கை அகலக் கடதாசி ஒன்றில் கொட்டாவி விட்டது. கொழும்பில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துக் கொடுத்த படம் அது. அவள் முன்பு பெற்ற மூன்றும் மூச்சில்லாமல் பிறந்து, மையவாடியில் அடக்கமாகி அடுத்தடுத்துக் கிடந்தன. நாலாவதாவது உயிரோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடத்தான், கணவன் மக்கீன் கைத்தறியை நிறுத்திவிட்டு, ஏழு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி அவளைக் கூட்டிப்போனான். கிளினிக்கில் சும்மா கிடந்த படம் ஊருக்கு வந்த பிறகே அசைந்தது. வயிற்றில் பிள்ளை புரண்டால் படத்திலும் புரண்டது, விக்கினால் விக்கியது. இன்றைக்கு மீன்பாடு இல்லை என்பதைப் போல இதையும் ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

"அல்லாஹ்ட காவல், இது தங்கும்" என்று பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் படத்தை அடுத்தவள் கையில் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லி வேலையில்லை, அசைகிற படத்தை யார்தான் தொடாமல் இருப்பார்? பத்து நாளில் கடதாசி கசங்கிச் சுருண்டது. ஒரு மடிப்பு பிள்ளையின் நெஞ்சுக்கு மேலேயே விழ, றாஹிலா அன்று முழுக்க மூச்சு முட்டுகிறது என்றாள். சுருக்கம் விழுந்த சாறனுக்கு என்ன செய்வானோ அதையே மக்கீன் செய்தான். ஈரத்துணியை மேலே விரித்து, கரி ஸ்திரிக்கைப்பெட்டியை ஒரே ஒரு தரம் இழுத்தான். சூடு பட்டால் அந்தக் கடதாசி கறுக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. துணியைத் தூக்கினால், படம் சட்டியின் அடிபோல முழுக்கக் கறுத்திருந்தது. அடுத்த அறையிலிருந்து றாஹிலா, "இஞ்சருங்க, புள்ள அசையிறத்த நிப்பாட்டிட்டுது" என்றாள்.

மருத்துவிச்சி தங்கரத்தினம் மரக்குழலை வயிற்றில் எட்டு இடத்தில் வைத்துக் கேட்டாள். "எனக்கு ஒண்டும் கேக்கல்ல தங்கச்சி" என்றாள். திரும்பவும் கொழும்புக்கு ஓடினார்கள். மற்றப் பெண்களுக்கெல்லாம் பிள்ளையைக் காட்டிய இயந்திரம் றாஹிலாவுக்கு இருட்டை மட்டும் காட்டியது. இருக்கிறது என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது என்று டொக்டர் அனுப்பிவிட்டார். மக்கீன் படத்தை எலுமிச்சம் சாறால் துடைத்தான், மக்கத்து ஸம்ஸம் தண்ணீர் தெளித்தான், கடைசியில் தறிக்குழிக்குள் இறங்கி நின்று, "நான்தான் என்ட புள்ளய எரிச்சன்" என்று வாய்விட்டு அழுதான். றாஹிலா அவனை ஏசவும் இல்லை, தேற்றவும் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது. அசையாத வயிறு மட்டும் மாதத்துக்கு மாதம் பெருத்தது.

செப்டம்பரில் ஒருநாள் நடுப்பகல் லுஹர் பாங்கு நேரம் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் பட்டப்பகலில் அறை முழுக்க இருட்டிவிட்டது. அந்த இருட்டுக்குள் ஒன்று வீறிட்டு அழுதது. தங்கரத்தினம் தடவித்தான் கொடியை வெட்டினாள். றாஹிலா விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி, "பத்தும் இரிக்கி. மேல் சூடாயிரிக்கி" என்றாள். வெளியே மக்கீன் மண்ணில் விழுந்து ஸுஜூது செய்தான்.

பெண் பிள்ளை. இரவு என்று பொருள்பட சித்தி லைலா என்று பெயர் வைத்தார்கள். ஏழாம் நாள் முடி இறக்க வந்த ஒஸ்தா, திறந்திருந்தும் பயனில்லை என்று கண்ணை மூடிக்கொண்டே சிரைத்தார், ஒரு கீறல் விழவில்லை. இருட்டு சுருங்கிச் சுருங்கி அவளைச் சுற்றி ஒரு முழ அகலத்தில் நின்றுகொண்டது. அடுத்த பெருநாளுக்குள் தெருவுக்கும் பழகிவிட்டது. வாசலில் ஒரு துண்டு இருட்டு தவழ்ந்து வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிட்டார்கள். ஒருநாளாவது பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆசையில்லையா என்று தங்கரத்தினம்தான் கேட்டாள்.

"போன மூணு பேர்ர முகத்தயும் வடிவாப் பாத்திட்டன் அக்கா. இவள்ர சத்தமே எனக்குக் காணும், வேற ஒண்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, றாஹிலா அழுகை வந்த பக்கம் கையை நீட்டினாள்.